புயல் வேண்டி ஒரு மெழுகுவர்த்தி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாட்டிய கோழியும் உருளைக்கிழங்கும் மேஜைக்கு வந்த நேரத்தில், பாந்தெலிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அந்த வீட்டில் அவன் எழுந்து நின்று பேசியது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான். அன்றைக்குக் குளியலறைக் குழாய் உடைந்திருந்தது.

"இந்த வருஷம் நாம தீவுக்குப் போறோம்."

யாரும் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான்.

"ஒரு தீவு இல்ல, மூணு தீவு. சீரோஸ், பாரோஸ், நக்ஸோஸ். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணு. காரையும் ஏத்திக்கிட்டு, கப்பல்ல!"

பத்து வயது மகன் கீமோன் வாயிலிருந்த கோழியை மெல்ல மறந்துபோனான். பதினைந்து வயது மகள் ஸ்மாரோ செல்போனிலிருந்து தலையைத் தூக்கினாள். அதுவே அந்த வீட்டில் ஒரு திருவிழா. மனைவி கலியோப்பி மட்டும் நிதானமாக ஒரு கோழித் தொடையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"எப்போ?"

"வர்ற சனிக்கிழமை. சுத்தத் திங்களோட சேத்து மூணு நாள் லீவு."

"மார்ச் ஆரம்பத்துலயா?"

"வசந்தம் கலியோப்பி! மலையெல்லாம் பூ. கூட்டம் கிடையாது. தீவு மொத்தமும் நமக்குத்தான்."

"ஆகஸ்ட்ல போலாம்னு பதினேழு வருஷமாச் சொல்றேன். ஆகஸ்ட்னா வெயில். ஜூலைன்னா கூட்டம். போன வருஷம் ஜூன்ல உனக்கு இடுப்பு பிடிச்சிருச்சு."

"அதான் இப்போ சரியாயிருச்சே!"

பாந்தெலிஸ் பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் நின்றான். பதில்கள் பதினான்கு கைவசம் வைத்திருந்தான்.

"சரி, போலாம்," என்றாள் கலியோப்பி.

பதினான்கு பதிலையும் விழுங்கிக்கொண்டு அவன் உட்கார வேண்டியதாயிற்று. ஒரு மனைவி இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தால் கணவன் உஷாராக வேண்டும். அவனோ இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டான்.

பாந்தெலிஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிரேயுஸ் துறைமுகத்தில், கப்பல்களைக் கட்டி நிறுத்தும் இடத்துக்கு நேர் எதிரே, அவனுக்கு ஒரு கடை. கயிறு, நங்கூரம், மிதவைச் சட்டை, கப்பல் விளக்கு எல்லாம் விற்கும் கடை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற மாலுமிகளுக்கெல்லாம் கடலைப் பற்றிப் பாடம் எடுப்பான். "அந்த முனைய இடது பக்கமா ஒட்டிப் போகணும் தம்பி, வலது பக்கம் போனா தொலைஞ்ச." முப்பது வருஷம் கப்பல் ஓட்டியவர்கள்கூட வாயைப் பிளந்து கேட்டுவிட்டுப் போவார்கள். தெரு மொத்தமும் அவனைக் கேப்டன் என்றுதான் கூப்பிடும்.

கேப்டன் இதுவரை கப்பலில் கால் வைத்ததில்லை.

அவன் பிறந்தது வடக்கே மலைக்கிராமத்தில். கடலை முதன்முதலாகப் பார்த்தது பத்தொன்பது வயதில். கட்டிப்போட்ட படகு லேசாக ஆடுவதைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டும். கடை நாற்காலியை அதனாலேயே கொஞ்சம் சாய்வாகப் போட்டிருந்தான், தண்ணீர் நேராகக் கண்ணில் படாமல். நிச்சயதார்த்தத்தன்று அவனுடைய அப்போதைய முதலாளி ஆசையாக அவனையும் கலியோப்பியையும் அவள் அப்பாவையும் படகில் ஏற்றித் துறைமுகத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். பத்தே நிமிஷம். ஐந்தாவது நிமிஷத்தில் பாந்தெலிஸ் வருங்கால மாமனாரின் புதுத் தொப்பியை வாங்கி அதற்குள் வாந்தி எடுத்தான். "மத்தியானம் சாப்பிட்ட இறால்," என்றான். "எனக்கு இறால் ஆகாது."

அன்று சொன்ன பொய்க்குத் தண்டனையாகப் பதினேழு வருஷமாக அந்த வீட்டுக்குள் இறால் நுழையவில்லை. பாந்தெலிஸுக்கு உலகத்திலேயே மிகவும் பிடித்த பண்டம் இறால்தான். மீன் சந்தையில் இறால் கூடையைக் கடக்கும்போது அவன் கண் கலங்குவதை, பாவம், யாரும் கவனித்ததில்லை.

இத்தனை வருஷம் தப்பித்தவன் இப்போது ஏன் தானாகவே வாயைக் கொடுத்தான்? போன வாரம் ஸ்மாரோ கேட்ட கேள்விதான் காரணம். "அப்பா, நீ நிஜமாவே கப்பல்ல போயிருக்கியா?" கேலியாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பான். அவள் சும்மா, தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் உள்ளே குத்தியது. மனைவியிடம் தோற்பது பழகிய விஷயம். மகளின் கண்ணில் கேப்டன் பட்டம் பறிபோவதை அவனால் தாங்க முடியாது.

அதற்காகத் தீட்டியதுதான் இந்தத் திட்டம். கிரேக்கத்தில் காற்றுக்கு எண் உண்டு. எண் எட்டைத் தொட்டால் துறைமுக அலுவலகம் தடை போட்டுவிடும், கப்பல் எதுவும் நகரக் கூடாது. சுத்தத் திங்கள் என்பது தவக்காலம் தொடங்கும் நாள், ஊரே பட்டம் விடும் நாள். அதை ஒட்டிக் காற்று பேயாக அடிப்பதைக் கடை வாசலில் இருந்து எத்தனையோ வருஷம் அவன் பார்த்திருக்கிறான். ஆகவே அறிவிக்க வேண்டியது, டிக்கெட் எடுக்க வேண்டியது, சனிக்கிழமை துறைமுகத்துக்குப் போய்த் தடையைக் கேட்டு நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டியது. கூட்டிப்போன நல்ல பெயரும் கிடைக்கும், கடலில் இறங்காத வயிறும் பிழைக்கும்.

"கப்பல் டிக்கெட் என் பொறுப்பு. தங்கற இடம் உன் பொறுப்பு," என்று கலியோப்பியிடம் பெருந்தன்மையாகப் பிரித்துக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசினாள். "ஆமா, ஆமா, காத்தடிச்சாலும் கண்டிப்பா வந்துருவோம்," என்று அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. பாவம், எவ்வளவு ஆசை என்று அவனுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளைச் சமாதானப்படுத்தத் திரும்பி வரும் வழியில் ஒரு நல்ல கேக் வாங்கித் தருவதென்று அப்போதே முடிவு செய்தான்.

புதன்கிழமைதான் முதல் அடி விழுந்தது. சனிக்கிழமைக்கு வானிலைக்காரர்கள் சொன்ன எண் மூன்று. மூன்று என்றால் குழந்தைகள் காகிதக் கப்பல் விடலாம். பாந்தெலிஸ் கடையைப் பாதியில் சாத்திவிட்டு நேராகத் தூய நிக்கோலாஸ் கோயிலுக்கு ஓடினான்.

நிக்கோலாஸ் மாலுமிகளின் காவல் புனிதர். புயலை அடக்குவது அவர் தொழில். பாந்தெலிஸ் இருப்பதிலேயே தடிமனான மெழுகுவர்த்தியாகப் பார்த்து ஏற்றினான்.

"புனிதரே, நீங்க எத்தனையோ புயல நிறுத்தியிருக்கீங்க. இந்த ஒண்ண மட்டும் விட்டுருங்க. யாருக்கும் சேதம் வேணாம். எட்டு போதும். எட்டரை கேக்கல."

"என்ன கேப்டன், இவ்ளோ பெரிய மெழுகுவர்த்தி?"

பின்னால் பாதிரியார் லாம்ப்ரோஸ் நின்றுகொண்டிருந்தார். தாடி முழுக்கச் சிரிப்பு.

"அது வந்து ஃபாதர், சனிக்கிழமை குடும்பத்தோட கப்பல் ஏறுறோம்."

"அடடே! கவலையே படாத. கடல் கண்ணாடி மாதிரி கிடக்கணும்னு நானும் வேண்டிக்கறேன்."

"ஐயோ, வேணாம் ஃபாதர்!"

"என்ன வேணாம்?"

"இல்ல, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்..."

"இதுல என்னப்பா சிரமம்? நாளைக்குப் பூசையில மொத்த சபையையும் வேண்டிக்கச் சொல்றேன். உன் பேரச் சொல்லியே!"

ஒரு பக்கம் இருநூறு பேரும் ஒரு பாதிரியாரும். மறுபக்கம் பாந்தெலிஸ் தன்னந்தனியாக. அவர் உள்ளே போனதும் அவன் இன்னொரு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினான்.

புனிதர் கடைசியில் யார் பக்கம் சாய்ந்தார் என்பது வியாழக்கிழமை தெரிய ஆரம்பித்தது. எண் ஐந்துக்கு ஏறியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழு. கடைக்குள் தொங்கிய கயிற்றுச் சுருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாந்தெலிஸ் இரண்டு சுற்று ஆடினான். சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து ஒரு பூந்தொட்டி பறந்து வந்து அவன் கார் பக்கத்தில் விழுந்தபோது, அது மெல்லிய சங்கீதமாகவே அவன் காதில் ஒலித்தது. காற்று ஒன்பது.

துறைமுகத்தில் ஒலிபெருக்கி மூன்று தடவை சொன்னது. கப்பல்கள் கிளம்பாது. பயணிகள் கவுன்டரை அணுகவும். பாந்தெலிஸ் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டும் இரும்புக் கட்டையின் மேல் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"போச்சு! எல்லாம் போச்சு! பதினேழு வருஷக் கனவு!"

"யாரோட கனவு?" என்றாள் கலியோப்பி.

"நம்ம கனவு! என் கையில மட்டும் அந்தக் கப்பலக் குடுத்திருந்தா, இந்தக் காத்துல ஒத்தக் கையால ஓட்டியிருப்பேன். அலுவலகத்துல உக்காந்திருக்கவனுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்?"

ஸ்மாரோ வந்து அவன் தோளில் கை போட்டாள். "பரவால்லப்பா. நீ ஆசப்பட்டதே போதும்."

அவ்வளவு நன்றாக நடித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஒரு கணம் அடுத்த வசனம் மறந்துபோனது. இந்தப் பெண்ணைப் போய் ஏமாற்றுகிறோமே என்றிருந்தது. அழுகை நிஜமாகவே வந்தது. பார்ப்பவர்களுக்கு அது நடிப்பின் உச்சமாகத் தெரிந்திருக்கும்.

"டிக்கெட்டக் குடு," என்றாள் கலியோப்பி. "கவுன்டர்ல என்னன்னு பாத்துட்டு வரேன்."

போனவள் திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. வந்ததும், "சரி, கார எடு," என்றாள்.

"வீட்டுக்குத்தானே? வழியில நல்ல கேக் கடை ஒண்ணு..."

"தீவுக்கு."

"கலியோப்பி, மனசத் தேத்திக்கோ. கப்பல் போகாது."

"கப்பல் யாருக்கு வேணும்? வடக்க விடு."

இரண்டு மணி நேரம் கழித்து ஹல்கிதா நகரத்தில் அவர்கள் கார் ஒரு குட்டிப் பாலத்தில் ஏறி இறங்கியது. அதைக் கடக்க ஒரு சிகரெட் பற்றவைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"வந்தாச்சு. முதல் தீவு," என்றாள் கலியோப்பி.

"எங்க?"

"இதான். ஏவியா. நாட்டிலேயே ரெண்டாவது பெரிய தீவு. பள்ளிக்கூடத்துல படிச்சதில்ல?"

படித்திருக்கிறான். மறந்துவிட்டான். ஏதென்ஸ், பிரேயுஸ் பக்கத்து ஜனங்கள் எல்லாருமே இதில் ஒன்றுதான். கப்பலில் போனால்தான் தீவு. ஏவியாவுக்குக் காரிலேயே போய் மீன் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், அது தீவென்ற நினைப்பே இல்லாமல். தண்ணீரில் இறங்காமலே ஒரு தீவு! பாந்தெலிஸுக்கு அந்தப் பாலத்தை இறங்கி முத்தமிடலாம் போலிருந்தது.

தங்கும் விடுதிக்காரி கதவைத் திறந்ததும், "செவ்வாய்க்கிழமையே சொல்லி வெச்சீங்களே, அந்தக் குடும்பம்தானே?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காற்றைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. பாந்தெலிஸ் அதை மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். விடை பிடிக்கவில்லை. நல்லவேளையாகப் பாலாடைக்கட்டி அடை சூடாக வந்தது, கணக்கை அப்படியே விட்டுவிட்டான்.

மறுநாள் ஞாயிறு, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆறு மணி நேரம் ஓட்ட வைத்தாள். மேற்குக் கரையில் லெஃப்கதா. அதுவும் தீவு. அதற்கும் பாலம். பாந்தெலிஸ் பாட்டுப் பாடிக்கொண்டே அதைக் கடந்தான்.

"இப்போ எதுமேல ஓட்டிட்டு வந்தே தெரியுமா?" என்றாள் கலியோப்பி.

"பாலம்."

"பாலம் இல்ல. மிதக்குது பாரு. பெரிய படகு வந்தா அப்படியே திரும்பி வழி விடும். அரசாங்கக் கணக்குல அது கப்பல். பேரெல்லாம்கூட வெச்சிருக்காங்க."

பாந்தெலிஸ் காரை ஓரமாக நிறுத்தினான். "கொஞ்சம் இருங்க," என்று இறங்கித் திரும்பி நடந்தான். பாலத்தின் நடுவில் போய் நின்றான். கீழே தண்ணீர். அடியில் லேசாக ஏதோ அசைவு. கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைக் கேட்டுப் பார்த்தான். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயதில் முதன்முறையாகக் கப்பல் மேல் நிற்கிறான், வயிறு கம்மென்று இருக்கிறது!

திரும்பி வந்தவன் வேறு ஆள். மார்பு இரண்டு அங்குலம் முன்னால் வந்திருந்தது. உணவு விடுதியில் மக்கரோனித் தட்டை நகர்த்திவிட்டு மறுபடியும் எழுந்து நின்றான்.

"ரெண்டு தீவு ஆச்சு. நாளைக்கு மூணாவது! நீங்க எந்தத் தீவச் சொன்னாலும் சரி, கூட்டிட்டுப் போறேன்."

"எந்தத் தீவச் சொன்னாலுமா?" என்றாள் கலியோப்பி.

"எதச் சொன்னாலும்! கேப்டன் வார்த்த!"

"ஸ்மாரோ, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேன்மா," என்றாள் ஸ்மாரோ. கையில் செல்போன் இருந்தது. பதிவும் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் காற்றே இல்லை. ஒரு இலை அசையவில்லை. நாடு முழுக்கப் பிள்ளைகள் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாக்களைத் திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். கீமோன் தன் பட்டத்தை இழுத்துக்கொண்டு அதே தீவில் நீத்ரி என்ற சின்னத் துறையில் இப்படியும் அப்படியும் ஓடினான், பட்டம் அவன் பின்னால் தரையில் தவழ்ந்தது.

பாந்தெலிஸ் கடற்கரையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தான். எதிரே தண்ணீருக்கு அப்பால் பச்சையாக ஒரு குட்டித் தீவு.

"அதுதான் மெகனீசி," என்றாள் கலியோப்பி.

"பாலம் எங்க?"

"பாலம் இல்ல."

ஒரு சின்னப் படகுக் கப்பல், கார்களை ஏற்றிக்கொள்ள வாயைத் திறந்துகொண்டு கரையில் நின்றது. லேசாக ஆடியது. பாந்தெலிஸின் முகம் எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு வந்தது. பிள்ளைகள் காதில் விழாத தூரத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனான்.

"கலியோப்பி, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"எனக்குக் கடல் ஆகாது."

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"எங்கப்பா தொப்பிலேர்ந்து."

"அது இறால்னால..."

"அன்னிக்கு இறாலே கிடையாது பாந்தெலி. எங்கம்மா பீன்ஸ்தான் வெச்சிருந்தா."

பாந்தெலிஸ் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். "அப்போ... பதினேழு வருஷமா வீட்ல ஏன் இறாலே சமைக்கல?"

"நீயா எப்ப வாயத் திறப்பேன்னு பாத்தேன். சின்ன ஜலதோஷத்தக்கூட ஊருக்கே தெரியறாப்ல சொல்ற ஆளு, இத மட்டும் மறைச்சே. சரி, எவ்ளோ நாள் தாங்கும்னு இருந்தேன். நல்லாத்தான் தாங்கினே."

"பசங்களுக்கும் தெரியுமா?"

"ஸ்மாரோ கேட்டப்போ நீ முழிச்ச முழியில தெரிஞ்சுக்கிட்டா. எங்கிட்ட வந்து, 'அப்பாவ ஒண்ணும் கேக்காதம்மா, பாவம்'னா."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், யாரோ முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவிட்ட மாதிரியும் இருந்தது.

கலியோப்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "கேளு. தினமும் சாயங்காலம் நம்ம பால்கனியில நின்னு, போற கப்பலயெல்லாம் பாக்கறேன். யார் யாரோ மேல நின்னு கை காட்டறாங்க. நானும் திருப்பிக் காட்டறேன். எனக்கும் ஒரு நாள் அங்க நின்னு கை காட்டணும்னு இருக்கு. உன் கூட. நீ கேப்டனா இருக்கணும்னு இல்ல. வாந்தி எடுத்தாலும் பரவால்ல. பக்கத்துல நின்னா போதும். தீவு பாத்தியா, பக்கத்துலதான். அரை மணி நேரம்கூட இல்ல."

பாந்தெலிஸ் எழுந்து காரை நோக்கி நடந்தான். அவன் தப்பி ஓடுகிறான் என்றுதான் ஸ்மாரோ நினைத்தாள். அவனோ காரைக் கிளப்பி, கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டு, நேராகக் கப்பலின் வாய்க்குள் கொண்டுபோய் நிறுத்தினான்.

மேல்தளத்தில் அவள் அவன் கையில் ஒரு எலுமிச்சைத் துண்டைக் கொடுத்தாள். "மோந்து பாத்துக்கிட்டே தூரத்துல அந்த மலையப் பாரு. தண்ணியப் பாக்காத." கப்பல் நகர்ந்தது. அவன் மலையைப் பார்த்தான். மலையை அவ்வளவு கவனமாக அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கடல் எண்ணெய் போலக் கிடந்தது.

கரையில் யாரோ ஒரு கிழவர் நாயுடன் நின்றார். கலியோப்பி கையை உயர்த்தி ஆட்டினாள். கிழவரும் ஆட்டினார். அவள் முகத்தைப் பார்த்த பாந்தெலிஸ் மலையை மறந்தான். இதற்காகவா பதினேழு வருஷம் இவளைக் காக்க வைத்தோம் என்று நினைத்துக்கொண்டு தானும் கையை உயர்த்தினான். ஒன்றும் ஆகவில்லை!

"ஒண்ணும் ஆகல கலியோப்பி! பாத்தியா?"

"பாத்தேன்."

"ஸ்மாரோ, போட்டோ எடு! கம்பி பக்கத்துல நிக்கறேன். தண்ணியும் தெரியணும்!" அவன் கால்களை அகட்டி வைத்து, கண்ணுக்கு மேலே கையை வைத்துத் தூரத்தைப் பார்த்தான். பிரேயுஸ் போனதும் பாதிரியாருக்கு இந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தான்.

கலியோப்பி அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். "அன்னிக்குக் கவுன்டர்ல அவ்ளோ நேரம் என்ன பண்ணேன்னு நீ கேக்கவே இல்லையே."

"பணத்தத் திருப்பி வாங்கியிருப்ப."

"இல்ல. தேதிய மாத்தினேன். ஜூன் மாசம். சீரோஸ், பாரோஸ், நக்ஸோஸ். போக வர பன்னெண்டு மணி நேரம்."

கடல் அசையவே இல்லை. பாந்தெலிஸ் மட்டும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் குனிந்தான்.